பிலிகல்லு – கௌஹாத்தி எக்ஸ்பிரஸ்

பிலிகல்லு,
சங்கராந்திக்கு மறுநாள்.

என் கண்ணான சைத்ராவுக்கு அம்மா எழுதுவது.

எள்ளும் வெல்லமும் தின்று நல்ல வார்த்தை பேசு என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, நேற்று வீடு வீடாகப் போய் வாய் கொள்ளாமல் தின்றுவிட்டு வந்தேன், ஆனாலும் இன்று பேனாவை எடுத்தால் நல்ல வார்த்தை வர மாட்டேன் என்கிறது. நானும் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் நலம் என்றே வைத்துக்கொள். நீ அங்கே அந்தப் பனியில் உடம்பைப் பார்த்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சம் சதை போட்டு இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். போன தடவை வீடியோவில் பார்த்தபோது கன்னம் ஒட்டிப் போயிருந்தது, கேட்டதற்கு வெளிச்சம் சரியில்லை என்றாய், வெளிச்சத்தின் மேல் பழி போடுகிற வழக்கம் உனக்கு உன் அப்பாவிடமிருந்து வந்தது. அவருக்கு முழங்கால் வலி குறையவில்லை, டாக்டர் படியேறாதே என்றார், இவரோ தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்கிவிட்டு அது படி இல்லையே என்கிறார். இந்த வருஷம் கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்ததில் காப்பிப் பழம் பாதி வெடித்துத் தரையில் விழுந்துவிட்டது, மிச்சத்தைப் பறிக்க ஆள் இல்லை, மிளகுக் கொடியும் மேற்குப் பக்கம் முழுக்க வாடிப் போயிற்று. கௌரி கன்று போட்டிருக்கிறாள், காளைக் கன்று, அதனால் அதைக்கூட நல்ல செய்தி என்று சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. மல்லேஷண்ணாவின் மகன் அங்கே படிக்க வருகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தோடு காப்பிப் பொடியும் மாவடு ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன், ஊறுகாயில் உப்பு கொஞ்சம் தூக்கல், மழையில் பாட்டில் வீணாகிவிடக் கூடாதே என்று போட்டது, தயிரில் தொட்டுக்கொண்டால் தெரியாது.

ஃபோனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். ஃபோனுக்குத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நிற்க வேண்டும், அங்கே எனக்கு முன்னால் நாலு பேர் கையைத் தூக்கிக்கொண்டு சிக்னல் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அவர்கள் காதுபட இதையெல்லாம் சொல்ல முடியாது. அதுவும் போக, நீ ஒவ்வொரு தடவையும் முதல் பேச்சாக ‘அம்மா, நம்ம ரயில் எப்படி இருக்கு, பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருக்கா, போட்டோ எப்ப அனுப்புவே’ என்று கேட்கிறாய், நான் நன்றாக இருக்கிறது, பிடித்திருக்கிறது, மழை விடட்டும் என்று சொல்லிச் சொல்லி ஐப்பசியிலிருந்து தையும் வந்துவிட்டது. மழை எப்போதோ விட்டுவிட்டது. இனி சொல்லாமல் இருந்தால் நானும் பொய் சொல்லுகிறவர்கள் கூட்டத்தில்தான் சேருவேன், அந்தக் கூட்டம் இங்கே ஏற்கெனவே பெரிதாக இருக்கிறது. அதனால் உட்கார்ந்து படி, வேலைக்குப் போகும் அவசரத்தில் படிக்காதே.

நான் பாடம் நடத்துவதும் நீ படித்த அதே வகுப்பறையில்தான், ஆனால் நீ படித்த மாதிரி இல்லை. உன் காலத்தில் ஒரே ஒரு பலகை, அதன் முன்னால் ஒரு வாத்தியார், கையில் ஒரு புளியங்கொம்பு. போன தசரா வரைக்கும் சுவரின் கீழ்ப்பாகத்தில் நாலு பக்கமும் இடுப்பளவுக்குக் கறுப்புப் பூசியிருந்தது, தரையில் பாய் போட்டு உட்காருகிற பிள்ளைக்குக் கை எட்டுகிற உயரம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு துண்டு சொந்தம், மேலே அவரவர் பேர். காலையில் வந்ததும் கெஞ்சம்மா காய்ச்சி ஊற்றும் பாலைக் குடித்துவிட்டு, மீசை துடைக்காமல் ஓடிப்போய்த் தன் துண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். சாயங்காலம் மணியடிக்கும் முன்பு ஒருவர் துண்டை இன்னொருவர் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்துகிறவர் அழிக்கக் கூடாது, தப்பை அப்படியே விட்டு அதன் கீழே சரியானதை எழுத வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். அழித்துவிட்டால் தப்பு செய்தவனுக்குத் தான் என்ன செய்தோம் என்றே தெரியாது, அதற்காக. இதையெல்லாம் எதற்கு எழுதுகிறாள் என்று நினைக்காதே, பின்னால் வேண்டியிருக்கும்.

ஊர்ப் பிள்ளைகள் யாரும் நம்மிடம் இல்லை என்பது உனக்குத் தெரியும். காலையில் மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடித்தால் டை கட்டிக்கொண்டு அத்தனையும் ஏறிப் போய்விடும், நமக்குச் சோறு ஆக்குகிற கெஞ்சம்மாவின் பேத்தி உட்பட. கேட்டால், ‘நான் ஆக்குற சோறு நல்லாத்தான் இருக்கு மிஸ்ஸு, இங்கிலீசு வேணும்ல, அதை எந்த அண்டாவுல ஆக்குறது’ என்பாள். நம்மிடம் மிஞ்சியது எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் அஸ்ஸாம்காரர்களின் பிள்ளைகள் மட்டும். வீட்டில் பேசுவது ஒரு பாஷை, தோட்டத்தில் கேட்பது ஒரு பாஷை, நான் சொல்லிக்கொடுப்பது மூன்றாவது. அதிலும் பறிப்பு முடிந்தால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். அ ஆ எழுத வைத்து, க கா கி கீ என்று காகுணிதம் கற்றுக்கொடுத்து, ஒரு வார்த்தையைக் கூட்டிப் படிக்கிற நேரத்தில் துண்டு காலியாகிவிடும். அடுத்த வருஷம் வேறு பேர், மறுபடியும் அ. உன் அப்பா இதைப் பார்த்துவிட்டு, ‘வேணி, நீ ஓட்டைக் குடத்துக்குத் தண்ணி இறைக்கிற’ என்பார். அவர் வாயில் எப்போதாவது சரியான வார்த்தை வந்துவிடும்.

பாஷை தெரியாத பிள்ளைகளுக்காக நான் ஒன்று செய்திருந்தேன். வகுப்பில் இருக்கிற ஒவ்வொரு பொருள் மேலும் அதன் பேரைப் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன். கதவில் கதவு, ஜன்னலில் ஜன்னல், வாளியில் வாளி. ஒருநாள் கெஞ்சம்மா முதுகில்கூட ஒரு பயல் கெஞ்சம்மா என்று ஒட்டிவிட்டான், அவளும் தெரியாமல் சந்தைக்குப் போய் வந்தாள். காலையில் எல்லோரும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் படிக்க வேண்டும். எது எழுதியிருக்கிறதோ அதுதான் இது, இதுதான் எழுதியிருக்கிறது என்று நான் பாட்டு மாதிரி சொல்வேன். இப்படித் தொட்டுப் படித்தே கன்னடம் பிடித்தவள் ஹலீமா. ஏழு வயது, ஆனால் பார்த்தால் அஞ்சு வயது போல இருப்பாள். முன்பல் இரண்டும் இல்லை. இவள் அப்பன் ஜோய்னால் மற்றவர்கள் மாதிரிப் பறிப்பு முடிந்ததும் போகிறவன் இல்லை, கவாத்து வேலை தெரியும், அதனால் வருஷம் முழுக்க எஸ்டேட்டில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளை என் கையில் ஒன்றரை வருஷம் நின்றது என்றால் அது இவள்தான். மற்ற பிள்ளைகளுக்கு நான் சொன்னது புரியவில்லை என்றால் இவள் அவர்கள் பாஷையில் திருப்பிச் சொல்வாள், எனக்குச் சம்பளம் இல்லாத உதவி டீச்சர். ஆடி மாத மழையில் அவள் அம்மா பிரசவத்துக்கு என்று தன் ஊருக்குக் கிளம்பிப் போனாள், கடூரில் போய் ரயிலேற்றிவிட்டு வந்தார்கள். மறுநாள் ஹலீமா தன் துண்டில் அம்மா அம்மா அம்மா என்று கறுப்பே தெரியாமல் எழுதி வைத்திருந்தாள், பக்கத்துப் பிள்ளை அதில் திருத்த ஒன்றும் இல்லை என்று என்னிடம் வந்து சொல்லிற்று.

இப்போது ரயில். நீ நல்ல மனசோடுதான் செய்தாய், அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. பள்ளிக்கூடச் சுவரை ரயில் பெட்டி மாதிரி வண்ணம் அடித்தால் பிள்ளைகள் ஆசையாக வருவார்கள், வேனில் போகிறவர்கள்கூடத் திரும்பி வருவார்கள், அரசாங்கம் பள்ளியை மூடாது என்று எங்கோ பார்த்துவிட்டுச் சொன்னாய், உன் ஆபீஸ் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஏற்பாடு செய்தாய். நானும் தலையாட்டினேன். தசரா விடுமுறையில் டவுனிலிருந்து பையன்கள் வந்தார்கள். நான் உன் சித்தியின் மகன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன், திரும்பி வந்து பார்த்தால் வராந்தாத் தூண்கள் எல்லாம் நீலம், சுவர் நீலம், ஜன்னலுக்குக் கீழே சக்கரம், முன்பக்கத்தில் இன்ஜின், புகைகூட வரைந்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. உள்ளே போனேன். கீழ்ச் சுவரில் இருந்த கறுப்பு முழுக்கப் போயிருந்தது. பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும் என்று அதன் மேல் பச்சை நிறத்தில் சீட்டு வரைந்திருந்தார்கள், வரிசை வரிசையாக, யாரும் உட்கார முடியாத சீட்டு. ‘என்னப்பா, பிள்ளைங்க எழுதுற எடம்டா அது’ என்றேன். ‘அழுக்கா இருந்துச்சு மேடம், கீழ எதுக்குக் கறுப்பு, அதான் மேல பலகை இருக்கே’ என்றான் ஒரு பையன். அவன் படித்த பள்ளியில் அப்படி இருந்திருக்காது. உன்னிடம் அன்றே சொல்லியிருக்கலாம், கை நீட்டி வாங்கியதற்குக் குறை சொல்கிறாளே என்று ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டியின் நெற்றியில் ஊர்ப்பேர் எழுதச் சொன்னது நீ. ‘அம்மா, அந்தப் பிள்ளைங்க தங்களோட ஊர்னு நினைக்கணும், வெறும் பிலிகல்லுன்னு போடாதே, அவங்க ஊர்ப் பேரும் இருக்கட்டும்’ என்றாய். ஆகா, என் மகளுக்கு எவ்வளவு மனசு என்று நான் உன் அப்பாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பிலிகல்லு – கௌஹாத்தி எக்ஸ்பிரஸ் என்று கொட்டைக் கொட்டையான எழுத்தில், மஞ்சளில், எட்டத்திலிருந்தே தெரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். அங்கேதான் நாம் இரண்டு பேரும் தவறினோம் சைத்ரா. படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அங்கே இருக்கிறது என்பது நம் இருவருக்கும் தோன்றவில்லை. நீ தூரத்தில் இருக்கிறாய், உன்னைச் சொல்லி என்ன. அவளைப் படிக்க வைத்தவள் நான்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள், கூ கூ என்று ஒருவன் சட்டையை இன்னொருவன் பிடித்துக்கொண்டு வராந்தாவைச் சுற்றினார்கள். ஹலீமா மட்டும் முற்றத்தில் நின்று அந்த மஞ்சள் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள், ஒருமுறை, இன்னொரு முறை. நான் பின்னால் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன், இவ்வளவு பெரிய வார்த்தையை இவள் தானாகவே படித்துவிட்டாளே என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். மறுநாள் அவள் ஒரு மூட்டையோடு வந்தாள். என்ன அது என்று நான் கேட்கவில்லை, சில நாள் தம்பி தங்கையின் துணி துவைக்க எடுத்து வருகிற பிள்ளைகளும் உண்டு. அன்றைக்கு முட்டை போடுகிற நாள், அவள் முட்டையைத் தின்னாமல் பாவாடையில் சுற்றிக்கொண்டதைக் கெஞ்சம்மா பார்த்திருக்கிறாள். சாயங்காலம் மணி அடித்தது, எல்லாம் ஓடிவிட்டது, இவள் வரைந்த சீட்டுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில், ஜன்னலோரமாக, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெஞ்சம்மா துடைப்பத்தோடு வந்து, ‘ஏய் அஸ்ஸாமு, எறங்கு எறங்கு, ஸ்டேஷன் வந்தாச்சு’ என்றாள். அதற்கு இவள், ‘இது பிலிகல்லு. நான் கௌஹாத்தியில எறங்குறேன்’ என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வயிறு குலுங்கச் சிரித்தோம் சைத்ரா. அவள் சிரிக்கவில்லை. ‘மிஸ்ஸு, எப்போ கெளம்பும்? டிக்கெட் உங்ககிட்டதானே?’ என்று கேட்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தேன். இன்னொரு கவுன், சாப்பாட்டுத் தட்டு, அந்த முட்டை. முட்டை அம்மாவுக்காம். ‘கண்ணு, இது படம்டி, சுவத்துல வரைஞ்சது, இது ஓடாது’ என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. ‘எழுதியிருக்கே மிஸ்ஸு’ என்றாள். எழுதியிருந்தாலும் இது விளையாட்டுக்கு என்றேன். எழுந்து போய்க் கதவைத் தொட்டாள், ‘கதவுன்னு எழுதினது கதவு’ என்றாள். வாளியைத் தொட்டாள், ‘வாளின்னு எழுதினது வாளி’. பிறகு வாசலில் நின்று மேலே கையைக் காட்டி, ‘அப்போ இது மட்டும் எப்படி?’ என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லியே பிழைத்தவள் நான், அவள் மூட்டையை மறுபடி கட்டிக் கையில் கொடுத்தேன். கெஞ்சம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

இருட்டுகிற நேரத்துக்கு ஜோய்னால் தேடிக்கொண்டு வந்தான். பிள்ளையைத் தூக்கி வெளியில் விட்டுவிட்டு, அவள் காதுக்கு எட்டாத தூரத்துக்கு என்னை அழைத்துப் போய், தனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சொன்னான். ‘மிஸ்ஸு, இவ அம்மா இல்ல. தசரா லீவுல ஃபோன் வந்துச்சு. பிரசவத்துல போயிட்டா, கொழந்தையும் போயிட்டு. இவகிட்ட நான் சொல்லல. ரயிலு வந்தா போலாம்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் சொல்லாதீங்க.’ பெண்டாட்டியை மண்ணில் வைக்கக்கூட அவனால் போக முடியவில்லை, போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அவன் அழவில்லை, தோட்டத்து மேஸ்திரியிடம் பேசுகிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் சொன்ன பொய்யும் நாம் எழுதிய பொய்யும் ஒரே ரயிலில் வந்து சேர்ந்துகொண்டன, யார் என்ன செய்ய முடியும்.

மறுநாளிலிருந்து ஹலீமா வரவில்லை. நான் லைன் வீட்டுக்குப் போனேன், மறுபடி போனேன், மறுபடியும் போனேன். நெல்லிக்காய் கொண்டு போனேன், சாக்கு வாங்கிக் கொண்டு போனேன். சாக்கு என்றால் உனக்கு மறந்திருக்கும், சாக்பீஸ்தான், நம் பிள்ளைகள் வாயில் அது அப்படித்தான். வாங்கி வைத்துக்கொள்வாள், வர மாட்டாள். கடைசியாகப் போனபோது தண்ணீர்க் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ‘பள்ளிக்கூடத்துக்கு வாடி, உன் எடம் காலியா இருக்கு’ என்றேன். இடம் எங்கே இருக்கிறது, அதன் மேல்தான் சீட்டு வரைந்திருக்கிறதே, ஆனாலும் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தாமல், ‘நீங்க எழுதுறது எல்லாம் பொய்யி மிஸ்ஸு’ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணி வரல, மிஸ்ஸு என்று சொல்கிற குரலில் சொன்னாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அப்பன் கேட்டுக்கொண்டது ஒருபக்கம், எனக்குத் தைரியம் இல்லாதது இன்னொரு பக்கம். பேசாமல் திரும்பிவிட்டேன். அவள் வராமல் போனதும் அவள் வாயால் பாடம் புரிந்துகொண்ட மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள், பறிப்பும் தொடங்கிவிட்டது, கூடையோடு அப்பன் அம்மா பின்னால் போனால் எஸ்டேட்டில் நாலு காசாவது கிடைக்கும்.

மார்கழியில் மேலதிகாரி வந்தார். ரயிலைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதிக்காத குறை, ‘சூப்பர் மேடம், இந்த மாதிரி ஜில்லாவுலயே இல்ல’ என்று இன்ஜின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். உள்ளே வந்து மூன்று பிள்ளைகள் மட்டும் பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வருத்தமாகத்தான் சொன்னார், ‘ஜூன்லேர்ந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற ஸ்கூலோட சேர்த்துடுவாங்க மேடம், என் கையில ஒண்ணும் இல்ல’. அந்தப் பக்கம் போக மரப்பாலம், மழைக்காலத்தில் அது தண்ணீருக்குள் இருக்கும், எந்தப் பிள்ளை போகும். அவருக்கும் அது தெரியும். நான் காப்பி கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். கெஞ்சம்மா அவர் ஜீப் போன திசையைப் பார்த்து, ‘ரயிலு நிக்குது, ஜீப்பு ஓடுது’ என்றாள். அவளுக்கும் வேலை போகும். என்னை வேறெங்காவது தூக்கிப் போடுவார்கள், மிச்சம் இருக்கும் இரண்டு வருஷத்தை யாருடைய வராந்தாவிலாவது கழிப்பேன். நீ வந்துவிடு, என்னோடு இரு என்று கூப்பிடுகிறாய். அங்கே வந்து நான் என்ன செய்வது மகளே, உங்கள் ஊர்ப் பனிக்கு அ ஆ சொல்லித் தரவா. அப்பாவையும் கௌரியையும் யார் பார்ப்பது.

நேற்று சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். ஜோய்னாலின் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள், விடியற்காலையில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம், சக்லேஷ்புரம் பக்கம் வேறு எஸ்டேட்டாம், அவன் அண்ணன் அங்கே இருக்கிறானாம், பெண்பிள்ளையைத் தனியாக வைத்துக்கொண்டு இங்கே இருக்க முடியாதாம். ஹலீமாவுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டேன். ‘தெரியும் மிஸ்ஸு, முந்தாநேத்து அப்பன் சொல்லிட்டான்’ என்றாள். அழுதாளா என்று கேட்டதற்கு, ‘இல்ல, அடுப்புல கெடந்த கரித்துண்ட எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனா’ என்றாள்.

நான் பள்ளிக்குப் போனேன். விடுமுறை, யாரும் இல்லை. இன்ஜினில், சக்கரத்துக்கு மேலே, தரையில் உட்காருகிற பிள்ளைக்குக் கை எட்டுகிற உயரத்தில், நீல வண்ணத்தின் மேல் கரியால் எழுதியிருந்தது. மேலே நெற்றியில் இருக்கும் மஞ்சள் எழுத்தை அவள் தொடவில்லை, எட்டாததாலும் இருக்கலாம், நான் வைத்த சட்டம் ஞாபகம் வந்திருந்தாலும் இருக்கலாம். அதற்கு நேர் கீழே ‘இது போகாது’ என்று எழுதியிருந்தாள். அதுவரை அவள் எழுதியதெல்லாம் நான் சொன்னதும் அட்டையில் பார்த்ததும்தான், தானாக ஒரு வாக்கியம் எழுதியதில்லை. எழுத்து உருண்டையாக, இடைவெளி விட்டு, நான் கற்றுக்கொடுத்த மாதிரியே இருந்தது. நான் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நாள் இந்தப் பிள்ளைகளில் ஒன்றாவது இப்படி ஒரு வாக்கியம் எழுதிவிடாதா என்று ஏங்கியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

உன்மேல் கோபமா என்று கேட்பாய். இருந்தது, எழுத எழுதக் குறைந்துவிட்டது, இப்போது யார்மேலும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அழாதே, அழுதாலும் சாப்பிட்டுவிட்டு அழு. தலைக்கு எண்ணெய் வை, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் அத்தை அந்த ஹாசன் ஊர் வரனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், பார்க்கலாம் என்று சொல்லாதே, உன் ‘பார்க்கலாம்’ஐ அவள் சம்மதம் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவாள். நீ நீண்ட ஆயுளோடு, போகிற இடத்தில் நாலு பேர் உன்னை நம்புகிற மாதிரி, நல்லபடியாக இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இதையெல்லாம் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

மறந்துவிடாதே, நீ கேட்ட போட்டோ இந்தக் கடிதத்தோடு இருக்கிறது, இன்று காலை உன் அப்பாவை விட்டு எடுத்து டவுனில் கழுவி வாங்கியது. கெஞ்சம்மா கரியைத் துடைக்க வாளியோடு வந்தாள், விடவில்லை. பிள்ளைகள் யாரும் அதில் இல்லை, நிற்க வைக்க ஆள் கிடைக்கவில்லை. உன் நண்பர்களிடம் காட்டு, அவர்கள் கொடுத்தது அவர்கள் பார்க்க வேண்டும். கீழே அந்தக் கரியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டால், எழுதியிருப்பதை அப்படியே படித்துச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
நாகவேணி டீச்சர்